எட்டிலிருந்து நாலுக்கு: பிரான்சில் புதிதாக வந்த பிள்ளை பிரெஞ்சு படிப்பது எப்படி

யாழ்ப்பாணத்தில் தரம் எட்டு படித்துக்கொண்டிருந்த பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி பாரிசின் புறநகர் ஒன்றில் வந்து இறங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அப்பா பல வருடங்களுக்கு முன்பே வந்தவர். விசா கிடைத்து அம்மாவும் பிள்ளையும் இப்போதுதான் வந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்த கடிதத்தில் வகுப்பு என்ற இடத்தில் ‘4’ என்று போட்டிருக்கிறது. பிள்ளை அழத் தொடங்கிவிடுவாள். எட்டாம் வகுப்பிலிருந்து நாலாம் வகுப்புக்கு இறக்கிவிட்டார்கள் என்றுதான் அவள் நினைப்பாள். இந்த அழுகையை இரண்டு மூன்று வீடுகளில் நானே பார்த்திருக்கிறேன்.

யாரும் இறக்கவில்லை. பிரான்சில் மேல் வகுப்புகளைத் தலைகீழாக எண்ணுவார்கள். பதினொரு வயதில் ஆறாவது, அடுத்தது ஐந்தாவது, பிறகு நாலாவது, மூன்றாவது. அதோடு ‘கொலேஜ்’ முடியும். பிறகு ‘லிசே’யில் இரண்டாவது, முதலாவது, கடைசியில் ‘தெர்மினால்’. பதின்மூன்று வயதுக்கு உரிய வகுப்பு நாலாவதுதான். இதற்கு எதிர்ப்பக்கமாக ஒரு சந்தோஷமும் உண்டு: ‘பிள்ளை கொலேஜ் போகிறாள்’ என்று அப்பா ஊருக்குத் தொலைபேசியில் சொல்ல, அங்கே எல்லோரும் கல்லூரி என்று நினைத்து மகிழ்ந்துபோவார்கள். பிரெஞ்சில் முதல் பாடம் இப்படித்தான் தொடங்குகிறது. தெரிந்தது போல இருக்கும் சொல் தெரிந்த பொருளில் இருக்காது.

இடம் கிடைப்பதில் சட்டச் சிக்கல் இல்லை. மூன்று வயது முதல் பதினாறு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி கட்டாயம். மூன்று வயது என்பது 2019 முதல். அதற்கு முன் ஆறு. பிள்ளை எந்த நாட்டவர் என்பது கணக்கில் வராது. பெற்றோரின் வதிவிட அட்டையையும் பள்ளியில் சேர்க்கக் கேட்கக் கூடாது. முகவரிச் சான்று, தடுப்பூசி அட்டை, பிள்ளை யார் என்பதற்கு ஒரு பத்திரம், இவ்வளவுதான். சிக்கல் வருவது பதினாறு தாண்டிய பிறகு. பதினேழு வயதில் வரும் பையனுக்குக் கட்டாயக் கல்வி வயது கடந்துவிட்டது. அவனுக்கு ஏற்ற வகுப்புகளும் குறைவு. காத்திருக்கும் மாதங்களில் அவன் உணவகத்தில் கோப்பை கழுவப் போய்விடுவது நமக்குத் தெரியாத கதை இல்லை.

நம் பிள்ளைக்கு வருவோம். வகுப்பில் உட்காருவதற்கு முன் அவளுக்கு என்ன தெரியும் என்று பார்க்க ஒரு மதிப்பீடு நடக்கும். புதிதாக வந்த, வேறு மொழி பேசும் பிள்ளைகளின் படிப்பைக் கவனிக்கவென்றே ஒவ்வொரு கல்வி வட்டாரத்திலும் ‘கஸ்னாவ்’ என்று ஒரு அலுவலகம் இருக்கிறது. 2002 முதல் இந்தப் பெயரில் இயங்குகிறது. மதிப்பீட்டில் பிரெஞ்சு எவ்வளவு தெரியும் என்பதை மட்டும் பார்ப்பதில்லை. தன் மொழியில் வாசித்துப் புரிந்துகொள்கிறாளா, கணக்கில் எந்த அளவில் நிற்கிறாள் என்பதையும் பார்ப்பார்கள். கணக்குத் தாள் பல மொழிகளில் இருக்கிறது, தமிழிலும். இந்த ஏற்பாட்டை நான் மனதாரப் பாராட்டுவேன். பிரெஞ்சு தெரியாத பிள்ளைக்கும் ஒன்றும் தெரியாத பிள்ளைக்கும் வித்தியாசம் உண்டு என்று ஒரு நாட்டின் கல்வித்துறை ஒப்புக்கொள்வது சின்ன விஷயம் இல்லை.

இதற்கு ஒரு சின்ன வரலாறும் உண்டு. 1970இல்தான் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான அறிமுக வகுப்புகளைத் தொடக்கப் பள்ளிகளில் நடத்தச் சொல்லி முதல் சுற்றறிக்கை வந்தது. சில வருடங்களில் கொலேஜிலும் அதே மாதிரி வகுப்புகள் வந்தன. இவை பெரும்பாலும் தனி வகுப்புகள். பிள்ளைகள் அங்கேயே இருந்து பிரெஞ்சு படித்துவிட்டுத்தான் மற்ற வகுப்புக்குப் போவார்கள். 2012 ஒக்டோபர் சுற்றறிக்கை இதைத் திருப்பிப்போட்டது. பிள்ளை முதல் நாளே தன் வயதுக்குரிய சாதாரண வகுப்பில் சேர வேண்டும். பிரெஞ்சுக்காக மட்டும் ஒரு தனிப் பிரிவுக்குப் போய் வர வேண்டும். அந்தப் பிரிவுக்கு ‘யுபே2ஆ’ என்று பெயர். பிள்ளைகளைக் குறிக்கும் பெயரும் மாறியது. ‘பிரெஞ்சு பேசாதவர்’ என்று இல்லாததைச் சொல்லி அழைத்தது போய், ‘அலொஃபோன்’, அதாவது வேறு மொழி பேசுபவர் என்று இருப்பதைச் சொல்லும் பெயர் வந்தது. 2018-19 கல்வியாண்டில் இப்படி ஏறக்குறைய 68,000 பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிகளில் இருந்தார்கள்.

தொடக்கப் பள்ளியில் வாரம் குறைந்தது 9 மணி நேரம், கொலேஜிலும் லிசேயிலும் குறைந்தது 12 மணி நேரம் பிரெஞ்சு. மற்ற நேரம் சொந்த வகுப்பு. தொடக்கத்தில் விளையாட்டு, ஓவியம், இசை, கணக்கு, ஆங்கிலம் இவற்றுக்குத்தான் அனுப்புவார்கள். மொழி குறைவாக இருந்தாலும் சமாளிக்கலாம் என்ற எண்ணம். ஊரில் ஆங்கிலம் படித்த நம் பிள்ளை ஆங்கில வகுப்பில் முதல் வாரமே முன்னுக்கு வந்துவிடுவாள். அங்கேயும் ஆசிரியர் இலக்கணத்தைப் பிரெஞ்சில்தானே விளக்குவார் என்பது வேறு கதை.

யுபே2ஆ அறையில் பதினொரு வயதும் பதினைந்து வயதும் ஒரே மேசையில் இருக்கும். ஒருவன் போர்ச்சுக்கலில் இருந்து வந்தவன்; அவன் மொழி பிரெஞ்சுக்கு ஒன்றுவிட்ட சகோதரம், மூன்று மாதத்தில் பேசிவிடுவான். பக்கத்தில் ஆப்கானிஸ்தான் பையன். வலமிருந்து இடமாக எழுதிப் பழகியவன். இன்னொருத்தி எந்தப் பள்ளிக்கும் ஒழுங்காகப் போகாதவள்; அவள் முதலில் பேனா பிடிக்கப் படிக்க வேண்டும். இப்படிப் பள்ளி காணாத பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு பிரிவும் உண்டு, ஆனால் எல்லா ஊரிலும் இல்லை. வன்னியில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து மரத்தடியில் படித்து வந்த பிள்ளைகளை அறிந்தவர்களுக்கு இந்தப் பிரிவின் தேவை விளங்கும்.

சரி, பிரெஞ்சு எங்கே இடிக்கிறது? நம் பிள்ளையின் காதில் இருந்து பார்க்கலாம்.

சில இடங்களில் தமிழ் கைகொடுக்கிறது. ‘நீ’, ‘நீங்கள்’ என்ற வேறுபாடு பிரெஞ்சில் அப்படியே இருக்கிறது. ஆசிரியர் பிள்ளையை ‘தூ’ என்று அழைக்கலாம், பிள்ளை ஆசிரியரை ‘வூ’ என்றுதான் சொல்ல வேண்டும். ஆங்கிலம் பேசி வளர்ந்த பிள்ளை இதில் மாதக்கணக்கில் தடுமாறும். நம் பிள்ளைக்கு ஒரு நாள் போதும். ஒலியிலும் ஒரு உதவி உண்டு. மேசையைப் பிரெஞ்சில் ‘தாப்ல்’ என்பார்கள். ஆங்கிலப் பழக்கத்தில் பிள்ளை ‘டாப்ல்’ என்று தொடங்குவாள். பிரெஞ்சுக்காரர் நாக்கு பல்லைத் தொடுகிறது. அது நம்முடைய த. புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சு ஆளுநரின் பெயரைத் துப்ளே என்று நம்மவர்கள் எழுதியது சும்மா இல்லை, காதில் விழுந்ததை எழுதினார்கள்.

இடிக்கும் இடங்கள் அதிகம். கன்டீனில் மீனுக்குப் பெயர் ‘புவாஸோன்’. பானத்துக்கும் ‘புவாஸோன்’. விஷத்துக்கும் ‘புவாஸோன்’. தமிழில் எழுதினால் மூன்றும் ஒன்றுதான். பிரெஞ்சுக் காதுக்கு மூன்றும் வேறு. முதல் எழுத்தில் உதட்டோடு குரலும் சேர்கிறதா, நடு எழுத்தில் சீறலோடு அதிர்வு இருக்கிறதா என்பதில்தான் சாப்பாடும் சாவும் பிரிகின்றன. நாம் ‘பல்’லையும் ‘பஸ்’ஸையும் ஒரே எழுத்தில் தொடங்குகிறவர்கள். அந்த வேறுபாடு வாயில் இருந்தாலும் எழுத்தில் இல்லை, அதனால் அதைக் கவனித்துப் பழகியதில்லை.

பிறகு பால். நமக்கு உயர்திணையில்தான் ஆண், பெண். மேசைக்கும் கதிரைக்கும் ‘அது’ போதும். பிரெஞ்சில் கதிரை பெண், புத்தகப்பை ஆண், பென்சில் பெட்டி பெண். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. அதனால் யுபே2ஆ ஆசிரியர்கள் சொல்லைத் தனியாகக் கற்பிப்பதில்லை, முன்னால் ‘லு’ அல்லது ‘லா’ சேர்த்தே கற்பிப்பார்கள். மனப்பாடம்தான் வழி. நெட்டுருப் போடுவதில் நம் பிள்ளைகளை அசைக்க முடியாது. இந்த ஒரு இடத்தில் ஊர்ப் பள்ளிக்கூடம் கொடுத்த பழக்கம் நன்றாக உதவுகிறது.

வினைச்சொல்லில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தமிழில் ‘பேசுகிறேன்’ என்றாலே பேசுவது நான் என்று விளங்கும். ‘நான்’ என்று சொல்லத் தேவையில்லை. பிரெஞ்சில் நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவன் பேசுகிறான், அவர்கள் பேசுகிறார்கள் நான்கிலும் வினை காதுக்கு ‘பார்ல்’ மட்டும்தான். எழுதும்போது முடிவுகள் வெவ்வேறு, ஆனால் அந்த எழுத்துகள் ஊமை. பேசுகிறவர் யார் என்பதை முன்னால் நிற்கும் சிறு சொல்தான் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் அந்தச் சொல்லைத்தான் விழுங்கிவிடுவார்கள். ஆசிரியருக்கு வாக்கியத்தில் தலை இல்லாதது போல இருக்கும். பிள்ளைக்கு அதில் என்ன குறை என்றே தெரியாது.

ஊமை எழுத்துகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பறவைக்குச் சொல் ‘வாஸோ’. ஆறு எழுத்து, ஒன்றுகூடத் தன் சொந்த ஒலியில் இல்லை. ‘வேர்’ என்ற ஒலிக்குப் பச்சை என்றும் பொருள், கண்ணாடிக் குவளை என்றும் பொருள், புழு என்றும் பொருள், ‘நோக்கி’ என்றும் பொருள். எழுதுவது நான்கு விதம். காதில் கேட்டதை எழுதினால் ஏறக்குறையச் சரியாக வரும் மொழியில் இருந்து வந்த பிள்ளைக்குச் சொல்வதெழுதுதல் என்றால் காய்ச்சல் வரும்.

எண்களும் லேசு இல்லை. எழுபத்தைந்து என்பது அறுபது-பதினைந்து. தொண்ணூற்றேழு என்பது நாலு-இருபது-பத்து-ஏழு. பிரான்சில் தொலைபேசி எண்ணை இரண்டிரண்டாகச் சொல்வார்கள். ‘அறுபது’ என்று கேட்டதும் பிள்ளை 6 எழுதிவிடுவாள். ‘பதினைந்து’ வந்ததும் வெட்டி 7 ஆக்குவாள். அதற்குள் அடுத்த இரண்டு போய்விடும். நாம் சிரிக்க முடியாது. தொண்ணூற்றில் நூறையும் தொள்ளாயிரத்தில் ஆயிரத்தையும் ஒட்டவைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள்தானே நாமும்.

இவையெல்லாம் ஒரு வருடத்தில் பெருமளவு வந்துவிடும். முதல் சில மாதம் பிள்ளை வாயே திறக்கமாட்டாள். பெற்றோர் பயந்துபோவார்கள். பயப்படத் தேவையில்லை, கேட்டுச் சேர்க்கும் காலம் அது. பிறகு ஒருநாள் திடீரென்று பேருந்தில் சிநேகிதியோடு படபடவென்று கதைத்துக்கொண்டிருப்பாள். அப்பா பெருமையோடு சொல்வார்: பிள்ளைக்குப் பிரெஞ்சு வந்துவிட்டது என்று.

அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள் என்பது என் எண்ணம். பேருந்தில் பேசுவது ஒரு பிரெஞ்சு, பாடநூலில் இருப்பது இன்னொரு பிரெஞ்சு. தமிழருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ‘தெரியேல்லை’ என்று வீட்டில் சொல்லிவிட்டு ‘எனக்குத் தெரியவில்லை’ என்று பரீட்சையில் எழுதி வளர்ந்தவர்கள் நாம். பிரெஞ்சிலும் யுபே2ஆவில் ‘ஜு நு ஸே பா’ என்று கற்பிப்பார்கள், மைதானத்தில் ‘ஷேபா’ என்பார்கள். கதைப்புத்தகத்தில் வரும் ஒரு இறந்தகால வடிவம் இருக்கிறது. தெருவில் எவரும் அதைப் பேசுவதில்லை. மைதானத்தில் எத்தனை வருடம் விளையாடினாலும் அது காதில் விழாது.

கணக்கு வகுப்பில் இது பளிச்சென்று தெரியும். நாலாவதில் பிதாகரஸ் தேற்றம் வரும். நம் பிள்ளைக்கு விடை தெரியும். வினாவில் ‘த்ரியாங்ல் ரெக்தாங்ல்’ என்று இருக்கிறது. முதல் சொல் முக்கோணம். இரண்டாவது சொல் ஆங்கிலத்தில் செவ்வகம், பிரெஞ்சிலும் தனியே வந்தால் செவ்வகம். முக்கோணமும் செவ்வகமும் சேர்ந்த ஒரு படத்தை அவள் தேடுவாள். சேர்ந்து வந்தால் அது செங்கோண முக்கோணம் என்று யாராவது சொல்ல வேண்டும். இதே பாடத்தில் ‘துருவாத்’ என்றால் நேர்கோடு. முதல் வாரத்தில் அவள் படித்தது ‘வலது பக்கம்’. இன்னும் பார்த்தால் 1,500 என்று அவள் எழுதியதை ஆசிரியர் ஒன்றரை என்று வாசிப்பார், ஏனென்றால் அங்கே தசமத்துக்குப் புள்ளி இல்லை, காற்புள்ளி. வகுத்தலில் வகுக்கும் எண் நம் பக்கம் இடதில் நிற்கும், அங்கே வலதில். அவர்களின் 1க்கு நீண்ட மூக்கு இருப்பதால் நம் கண்ணுக்கு 7 போலத் தெரியும். 7இன் நடுவில் ஒரு கோடு போடுவார்கள். கரும்பலகையில் ஆசிரியர் எழுதுவதோ கூட்டெழுத்து. ஊரில் அச்செழுத்தில் ஆங்கிலம் படித்த பிள்ளைக்கு அது மூன்றாவது லிபி. இவ்வளவையும் தாண்டி வந்தபிறகுதான் கணக்கு தொடங்குகிறது. வீட்டில் வந்து அவள் சொல்வாள்: ‘எனக்குக் கணக்கு ஓடேல்லை’. கணக்கில் ஒரு குறையும் இல்லை.

வரலாறு இன்னும் கடினம். நாலாவதில் பிரெஞ்சுப் புரட்சி. பொதுமக்கள் என்ற மூன்றாம் வகுப்பாரைக் குறிக்கும் ‘தியேர் எத்தா’வை ஒவ்வொரு சொல்லாகத் தொலைபேசியில் தட்டினால் ‘மூன்றில் ஒரு பங்கு’, ‘அரசு’ என்று வரும். அதை வைத்துக்கொண்டு பாஸ்டில் கோட்டையை யார் உடைத்தார்கள் என்று விளங்கிக்கொள்ள முடியாது. நல்ல யுபே2ஆ ஆசிரியர்கள் இதை அறிந்தவர்கள். கடையில் பாண் வாங்கும் உரையாடலை விட்டுவிட்டு, ‘வட்டமிடு’, ‘அடிக்கோடிடு’, ‘பிரதி பண்ணு’, ‘இதிலிருந்து நிறுவு’ என்ற கட்டளைச் சொற்களில் இருந்து தொடங்குவார்கள். வெளிநாட்டுப் பயணிக்கான பிரெஞ்சு வேறு, பள்ளிப் படிப்புக்கான பிரெஞ்சு வேறு என்று அங்கே தனித்துறையாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள்.

கனடிய ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1970களின் கடைசியில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். புதிய மொழியில் பேச்சுப் பழக்கம் வர ஏறக்குறைய இரண்டு வருடம். பாடம் படிக்கும் மொழி, கூடப் படிக்கும் பிள்ளைகளின் அளவுக்கு வர ஐந்து முதல் ஏழு வருடம். பிரான்சில் யுபே2ஆ பொதுவாக ஒரு வருடம். கடைசியில் டெல்ஃப் என்ற தேர்வு எழுதுவாள்: கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல், ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி, ஒன்றிலும் 5க்குக் குறையாமல் மொத்தம் 50 எடுத்தால் சித்தி. சான்றிதழைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுவார்கள். அடுத்த செப்டம்பரில் அவள் முழுநேரமும் சாதாரண வகுப்பில். ஒரு வருடத்துக்கும் ஐந்து வருடத்துக்கும் இடையில் உள்ள அந்தப் பள்ளத்தில்தான் எங்கள் பிள்ளைகள் பலர் சத்தமில்லாமல் விழுகிறார்கள். சத்தமில்லாமல் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அப்போது அவர்கள் நன்றாகப் பேசுகிறார்கள். பேசுகிற பிள்ளைக்கு மொழிச் சிக்கல் இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. ‘முயற்சி போதாது’ என்று அறிக்கையில் எழுதிவிடுவார்கள்.

கியூபெக் வேறு வழியில் போகிறது. 1977இன் மொழிச் சட்டத்துக்குப் பிறகு அங்கே குடிவரும் பிள்ளைகள் பெரும்பாலும் பிரெஞ்சுப் பள்ளியில்தான் சேர வேண்டும். மொன்றியலில் அவர்களை ‘வரவேற்பு வகுப்பு’ என்ற தனி வகுப்பில் முழு நாளும் வைத்திருப்பார்கள். ஒரே ஆசிரியர், ஒரே அறை. கூச்சம் இல்லை, யாரும் சிரிக்கமாட்டார்கள். ஆனால் உள்ளூர்ப் பிள்ளைகள் பக்கத்தில் இல்லை. பிரான்சில் அவர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள், ஆனால் பிள்ளை ஒரு நாளில் நாலு முறை அறை மாறுகிறாள். யுபே2ஆ நேரத்தில் நடந்த புவியியல் பாடம் போனது போனதுதான். எது மேல் என்று என்னைக் கேட்டால், சின்னப் பிள்ளைக்குப் பிரான்ஸ் வழி, பதினைந்து வயதுக்குக் கியூபெக் வழி என்பேன். பதினைந்து வயதுக்காரனுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருப்பது அவமானம். அவமானத்தோடு யாரும் மொழி படிப்பதில்லை.

வீட்டு மொழி விஷயத்தில் பிரெஞ்சுப் பள்ளி இன்னும் இரண்டு மனசோடுதான் இருக்கிறது. அலொஃபோன் என்று மரியாதையாகப் பெயர் வைத்துவிட்டு, ‘வீட்டிலும் பிரெஞ்சு பேசுங்கள்’ என்று பெற்றோருக்கு அறிவுரை சொல்லும் ஆசிரியர்கள் இன்றும் உண்டு. தட்டுத்தடுமாறும் பிரெஞ்சில் அம்மா பிள்ளையோடு பேசினால் பிள்ளைக்குப் பிரெஞ்சும் வராது, அம்மாவும் இல்லாமல் போய்விடுவாள். செங்கோணம் என்றால் என்னவென்று தமிழில் தெரிந்த பிள்ளை ஒரு புதுச் சொல் மட்டும் படித்தால் போதும். தெரியாத பிள்ளை சொல்லையும் பொருளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அரபு, துருக்கி, போர்ச்சுக்கீசு போன்ற சில மொழிகளுக்கு அந்தந்த நாடுகளோடு ஒப்பந்தம் செய்து பள்ளியிலேயே வகுப்பு வைத்தார்கள். தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. தமிழ்ச்சோலைப் பள்ளிகளை நம்மவர்களே நடத்துகிறார்கள். ஆனால் லிசே கடைசியில் எழுதும் பக்கலோரேயா தேர்வில் முன்பு தமிழை ஒரு விருப்ப மொழிப்பாடமாக எடுக்க முடிந்தது. பல பெற்றோருக்கு இது தெரிந்திருக்கவில்லை.

பெற்றோருக்கும் வகுப்பு உண்டு. 2008 முதல், பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டடத்திலேயே பெற்றோருக்கு இலவசமாகப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் திட்டம் ஒன்று நடக்கிறது. பகல் வேளையில் வைப்பதால் இரண்டு வேலை செய்யும் அப்பாக்களால் போக முடிவதில்லை, அம்மாக்கள் போகிறார்கள். போகாத வீடுகளில் பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளர். ஆசிரியர் சந்திப்பில், ‘வகுப்பில் ஓயாமல் கதைக்கிறாள்’ என்று ஆசிரியர் குறைப்பட, ‘நான் நல்லாக் கதைக்கிறன் எண்டு சொல்லுறா’ என்று ஒருத்தி தன் அம்மாவுக்குச் சொன்னதைப் பக்கத்தில் இருந்து கேட்டேன். அம்மா ஆசிரியருக்கு நன்றி சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாவதில் விளையாட்டு முடிகிறது. நம் பிள்ளை நாட்டுக்கு வந்து இரண்டாவது வருடம். லிசேயில் பொதுப் படிப்பா, தொழிற்படிப்பா என்று அப்போது முடிவாக வேண்டும். பிந்தி வந்த பிள்ளைகளைத் தொழிற்படிப்பின் பக்கம் சாய்ப்பது வழக்கம். மின்வேலையோ சமையலோ தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ‘த்ரியாங்ல் ரெக்தாங்ல்’ தெரியாததால் போன புள்ளிகள் அவளுடைய பாதையை முடிவு செய்யக் கூடாது. அதற்காகப் பள்ளி ஒரு படிவம் அனுப்பும். குடும்பம் தன் விருப்பத்தை எழுத ஒரு கட்டம், ஆசிரியர் குழு பதில் எழுத ஒரு கட்டம், பிறகு மறுபடி குடும்பம். படிவத்துக்குப் பெயர் ‘உரையாடல் தாள்’. குடும்பத்தின் கட்டங்களை அனேகமாகப் பிள்ளையே நிரப்புகிறாள், இரவு சாப்பாட்டு மேசையில், கூட்டெழுத்தில். எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று அப்பாவுக்கு விரலால் காட்டுகிறாள்.